கண்ணாடி தானாக உடைவதற்கு ஒரு சொல்லா, இரண்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சமையலறைக் கண்ணாடிப் பொருள்களைக் கையாளுவது பற்றிய நான்கு பக்கக் கையேட்டை நான் வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துக் கொடுத்தாக வேண்டும். மூலத்தில் தெர்மல் ஷாக் (சட்டென்ற வெப்பமாற்றத்தால் உடைவது) என்றும் ஸ்பான்டேனியஸ் பிரேக்கேஜ் (வெளிக் காரணம் தெரியாமல் தானாக உடைவது) என்றும் இரண்டு தொடர்கள் வருகின்றன. தமிழ்ச் சொல் தேடும் நம் விவாத இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே நிகழ்ச்சியாகக் கருதி ஒரே சொல்லைத் தேடுகின்றன. அது பிழை என்றே கருதுகிறேன்.

கொதிக்கும் தேநீரைச் சாதாரணக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் அதன் உட்புறம் உடனே விரிய முயல்கிறது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், இன்னும் சூடேறாத வெளிப்புறம் அந்த விரிவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இழுபடுகிறது. கண்ணாடி அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் வலிமையை முடிவு செய்பவை மேற்பரப்பில் உள்ள நுண்கீறல்களே என்பதைப் பொறியியலாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் வெளியான ஆய்வில் காட்டினார். நூறு நாள் தாங்கிய குவளை நூற்றொன்றாம் நாள் விண்டுபோவதற்கு, இடையில் எப்போதோ விழுந்த ஒரு கீறல் போதும். ஓவனிலிருந்து எடுத்த பாத்திரத்தை ஈரமான சமையல் மேடையில் வைப்பது இதைவிடவும் கெடுதல், ஏனெனில் அப்போது கீறல்கள் நிறைந்த மேற்பரப்பே சட்டென்று சுருங்கி இழுபடுகிறது. சாதாரணக் கண்ணாடி ஒரு பாகை செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு விரிகிறது என்றால், போரான் சேர்ந்த போரோசிலிக்கேட் கண்ணாடி 3.3 பங்குதான் விரிகிறது. அது வெப்பமாற்றத்தை அதிகம் தாங்குவது இதனால்தான்.

இரண்டாவது நிகழ்ச்சி வேறு வகையைச் சேர்ந்தது. டெம்பர்டு எனப்படும் வலிமையேற்றிய கண்ணாடியைச் செய்யும்போது, அதை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். முதலில் இறுகுவது மேற்பரப்பு. பின்னர் உள்பகுதி குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பு அமுக்கத்திலும் நடுப்பகுதி இழுப்பிலும் நிலைத்துவிடுகின்றன. அதன் வலிமைக்கும் அதன் ஆபத்துக்கும் காரணம் ஒன்றே. கம்பி நாரால் தேய்த்தபோதோ விளிம்பில் எதுவோ இடித்தபோதோ விழுந்த கீறல், காற்றின் ஈரத்தால் சிறிது சிறிதாக நீண்டு நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், பொருள் முழுவதும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகிவிடுகிறது. மேசைப் பலகை, குளியலறைக் கதவு போன்ற பெரிய தகடுகளில் மாசாகக் கலந்த நிக்கல் சல்பைடு துகள் ஒன்று சிக்கியிருந்தாலும் இவ்வாறு நேரலாம். விரைவாகக் குளிர்ந்தபோது உயர்வெப்ப வடிவிலேயே அடைபட்டுப்போன அத்துகள், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வடிவம் மாறிப் பருக்கிறது. நள்ளிரவில், யாரும் தொடாமல், சூடும் இல்லாமல் உடைகிறது. வீட்டில் அன்று பாத்திரம் துலக்கியவர் மீது பழி விழுகிறது, அல்லது திருஷ்டி கழிந்தது என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். கையேடு சரியான சொல்லைத் தராவிட்டால் இந்தப் பழி நீங்காது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனிச் சொற்கள். முதல் தொடருக்கு வெப்ப அதிர்ச்சி ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அது மன அதிர்ச்சியை நினைவூட்டுகிறது என்ற தடை, மின்னதிர்ச்சியை நாம் ஏற்றுக்கொண்ட பிறகு நிற்காது. வெப்பத் தெறிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனெனில் வீட்டில் நாம் கண்ணாடி தெறித்துவிட்டது என்றுதான் சொல்கிறோம். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் ஒளி எதிரொளிப்பதைத் தெறிப்பு என்றும் ஒளிவிலகலை முறிவு என்றும் மாணவர்கள் படிக்கிறார்கள் என்று யாழ்ப்பாண நண்பர் சுட்டிக்காட்டியது நியாயமானது. கண்ணாடியைப் பற்றியே பேசும் கையேட்டில் அவ்விரு சொற்களையும் வேறு பொருளில் ஆளக் கூடாது.

கண்ணாடி என்ற சொல்லையே விலக்கிப் பளிங்கு என்று எழுத வேண்டும் என்பவர்கள் "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்ற குறளைக் காட்டினார்கள். குறளில் மறுப்பில்லை. எனினும் இன்று பளிங்கு என்றால் படிகத்தையோ சலவைக்கல்லையோ எண்ணுவோம். கண்ணாடியோ படிக ஒழுங்கு இல்லாத திண்மம்.

டெம்பர்டு என்பதற்குக் கொல்லுப்பட்டறையின் தோய்ச்சலை எடுத்துக்கொள்ளலாம் என்ற பரிந்துரை என்னை இரண்டு நாள் வேறு வேலை செய்ய விடவில்லை. புறநானூற்றின் 21ஆம் பாட்டில் கொல்லனின் செந்தீயில் கிடந்த இரும்பு உண்ட நீர் மீட்டற்கு அரிது என்று வருகிறது. காய்ச்சிய பொருளைச் சட்டென்று குளிர்விக்கும் காட்சி இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் மொழியில் இருக்கும்போது, தோய்ச்சல் கண்ணாடி என்பது அந்நியமாகாது. அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். இங்கே தண்ணீர் இல்லையே என்றும், சமையலறையில் தோய்ப்பது பாலைத்தானே என்றும் எழுந்த மறுப்புகளுக்குப் பிறகு, பெரும்பான்மை உறுதியூட்டிய கண்ணாடிக்குச் சாய்ந்துவிட்டது. உறுதியூட்டியது உடையாது என்று வாசகர் நம்பிவிடுவார் என்ற அச்சம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் அச்சொல் முதலில் வரும் இடத்தில் அது உடையும் விதத்தையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்திருக்கிறேன்.

இரண்டாம் தொடருக்கு வந்த தன்னுடைவு, தன் உடையைப் பற்றியது போலப் படிக்கப்படுகிறது. காரணமே இல்லை என்ற பொருளையும் தருகிறது. உட்தகைவுச் சிதறல் (தகைவு என்பது ஸ்ட்ரெஸ்) என்று நான் எழுதியது புணர்ச்சிப் பிழைதான். உள்ளும் தகைவும் சேர்ந்தால் உட்டகைவு என்றாகும், அதை எவரும் படிக்க மாட்டார்கள். உள்துறையை உட்டுறை என்று எழுதாத நாம் இங்கும் விட்டுக்கொடுக்கலாம் என்றொருவரும், ஒரு பிழையைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்தக் கூடாது என்றொருவரும் எழுதினீர்கள். இரண்டாமவருடன் உடன்படுகிறேன். அகத்தகைவு புணர்ச்சிக்குப் பொருந்துகிறது, ஆனால் தகைவு பாடநூலுக்கு வெளியே வழங்காத சொல்.

ஆகவே உள்ளிறுக்கச் சிதறல் என்று எழுதியிருக்கிறேன். நடுப்பகுதியில் இருப்பது இழுப்பு, இறுக்கம் அன்று என்ற இயற்பியல் ஆசிரியரின் மறுப்பு அறிவியலின்படி சரியே. ஆயினும் வெளியே அமுக்கமும் உள்ளே இழுப்பும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் நிலையை வீட்டு வாசகருக்கு உணர்த்த இதைவிட நெருங்கிய சொல் எனக்கு அகப்படவில்லை. வியாழன் மாலைக்குள் வேறு சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன். வராவிட்டால் இதுவே அச்சுக்குப் போகும், ஆசிரியர் ஐயாவின் மறுப்பு இவ்விழையில் அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.