அறுத்த வயலில் எலி வேட்டை: தெரிந்தவர்கள் பகிருங்கள்

வெண்ணாற்றுக்கரை:
சம்பா அறுப்பு முடிந்து தை கடைசி, மாசி மாதம்தான் எலிக்குப் பருவம். கதிர் தின்று கொழுத்திருக்கும், வயலில் தண்ணீர் வடிந்திருக்கும், ஒளியப் பயிரும் இருக்காது. கிட்டிப் பொறி, புகை, வெட்டு, சமையல் என்று அவரவர் கைப்பழக்கத்தை எழுதுங்கள். "போனோம், பிடித்தோம், தின்றோம்" என்ற கதை வேண்டாம். அளவு, நேரம், எந்த இடத்தில் கோளாறு வரும் என்று சொன்னால் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவும். வளை பார்ப்பதை நானே தொடங்கி வைக்கிறேன்.

அறுத்த அன்றே கடப்பாரையோடு இறங்காதீர்கள். களிமண் ஈரமாக இருந்தால் பாரையில் ஒட்டிக்கொண்டு வரும், வெட்டிய இடம் சரிந்து வளையின் போக்கு மறைந்துவிடும். பத்து நாள் விட்டால் மண் பதமாகும். ஒரு மாதம் விட்டால் வயல் வெடித்துவிடும், அப்புறம் புகை நிற்காது. டெல்டாவில் அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். நடுவயலில் வெட்டினால் முளைத்த பயிர் போகும். வரப்பில் மட்டும் வெட்டுங்கள், அதுவும் வயல்காரரிடம் சொல்லிவிட்டு. வெட்டிய வரப்பை மிதித்து அடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது.

உயிருள்ள வளை எது என்று தெரிய ஒரே வழிதான். சாயங்காலம் கண்ணில் படும் எல்லா வாயையும் மண்ணால் மூடிவிட வேண்டும். விடியற்காலையில் திறந்து கிடப்பதில், அல்லது புதுமண் தள்ளியிருப்பதில்தான் எலி இருக்கிறது. இதற்குச் சோம்பல்பட்டு வெட்டுகிறவர்கள் பாதி நேரம் காலி வளையைத்தான் வெட்டுகிறார்கள்.

வரப்பெலி வாயை உள்ளிருந்தே புதுமண்ணால் அடைத்துக்கொள்ளும். வெளியே பொலபொலவென்று ஒரு குவியல் இருக்கும். குவியல் கறுத்து ஈரமாக இருந்தால் நேற்று ராத்திரி தள்ளியது, வெளுத்துக் காய்ந்திருந்தால் விட்டுவிடலாம். விரல் நுழையும் அளவு ஓட்டை சுண்டெலியுடையது, அதில் கறியே கிடையாது. வெடிப்புக்குள் குடியிருக்கும் புல்லெலி மெத்தென்ற முடியோடு சின்னதாக இருக்கும், வெட்டுகிற கூலிக்குக் கட்டாது. வெள்ளெலி புஞ்சைப் பக்கம், மணற்பாங்கான இடத்தில்தான் அதிகம். ஒரு வளைக்கு வாய் நிறைய வைத்திருக்கும், தாவி ஓடும், தனியாள் பிடிக்க முடியாது.

மூங்கில்கிட்டி:
கிட்டி பற்றி நான் சொல்கிறேன் அண்ணே. தஞ்சாவூர்க் கிட்டி என்று வெளியூர்க்காரர்களும் சொல்வது இதைத்தான். வளைத்த மூங்கில், முறுக்குக் கயிறு, நடுவில் இரை வைக்கும் குச்சி, அவ்வளவுதான். எலி இரையை இழுத்தால் குச்சி நழுவும், வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும்.

முற்றிய மூங்கிலாக இருக்க வேண்டும். இளசு என்றால் நாலு நாளில் வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும், இறுக்காது. வேலை முடிந்ததும் எல்லாக் கிட்டியையும் தளர்த்தி நிழலில் காயவைக்க வேண்டும். ஏற்றியபடியே அடுக்கி வைத்தால் வில்லின் உயிர் போய்விடும். நைலான் கயிறு இழுபட்டு நீளும் என்பதால் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை சுண்டிப் பாருங்கள்.

சாயங்காலம் 5 மணிக்கு மேல் வைத்து, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறும்வரை விட்டால் கறி கெடும், காக்கையும் நாயும் முந்திக்கொள்ளும். ஏக்கருக்கு 30 முதல் 40 கிட்டி போதும். நடுவயலில் பரப்பாமல் வரப்போரம், எலி நடந்து நடந்து புல் படிந்த தடத்தில் வையுங்கள். இரைக்கு வறுத்த அரிசி மாவு, பொரி எதுவும் சரி. வயல் நண்டை நசுக்கி வைத்தால் வரப்பெலி விடாது. ஆனால் நண்டுக்கு எறும்பும் சீக்கிரம் வரும்.

ஒவ்வொரு கிட்டியையும் முளையடித்துக் கட்டுங்கள். அரைகுறையாக மாட்டிய எலி கிட்டியோடு வளைக்குள் போய்விடும், அல்லது கீரி தூக்கிக்கொண்டு போகும். நிலா வெளிச்சத்தில் எலி வெட்டவெளிக்கு வரத் தயங்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் புதர், வாய்க்கால் ஓரமாக மாற்றி வைத்தால் கொஞ்சம் தேறும்.

திருக்கழுக்குன்றம் பக்கம்:
எங்கள் பக்கம் கிட்டி கிடையாது, புகையும் வெட்டும்தான். இருளர் பழங்குடியினரின் கைவேலையைப் பார்த்துக் கற்க வேண்டிய விஷயம் இது.

முதலில் கள்ளவாசலைக் கண்டுபிடியுங்கள். வளையின் ஒரு கிளை மேல்மண்ணுக்கு நாலு விரல் கீழே வந்து நிற்கும். வெளியே ஓட்டை தெரியாது. ஆபத்து வந்தால் எலி அந்தத் தோலை முட்டித் திறந்துகொண்டு ஓடும். பிரதான வாயிலிருந்து ஐந்தாறு அடி சுற்றளவில் குதிகாலால் தட்டிக்கொண்டே வந்தால் 'பொத்' என்று ஒரு இடம் சத்தம் மாறும். அங்கே வலையைப் போட்டு ஆளை உட்கார வையுங்கள். மற்ற வாயெல்லாம் மண்ணால் அடைபட வேண்டும்.

புகைப்பானை சாதாரண மண்பானைதான், அடியில் விரல் பருமன் துளை. உள்ளே காய்ந்த வைக்கோலைத் திணித்து, பற்றியதும் மேலே ஒரு பிடி பச்சை இலை. பானை வாயை வளை வாயோடு சேர்த்துச் சுற்றிலும் சேறு பூசி, அடித்துளை வழியாக ஊத வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் எலி ஓடி வரும், அல்லது உள்ளேயே மயங்கும். அப்புறம் வெட்டலாம். அடைத்த இடங்களில் புகை கசிகிறதா என்று பார்க்கத் தனியாக ஒருவர் வேண்டும். ஈர வைக்கோல் என்றால் வெறும் ஆவிதான் போகும், எலி உள்ளே சௌக்கியமாக இருக்கும். மிளகாய் போடாதீர்கள், எலிக்கு முன் ஊதுகிறவர் எழுந்து ஓடுவார்.

ஊதுகிறவருக்கு உதடும் கையும் சுடும், நெஞ்சில் புகை சேரும். இதற்காகத்தான் 2000களின் தொடக்கத்தில் கையால் சுழற்றும் இரும்புப் புகைக்கருவி வந்தது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். அறுத்த நெல் தாளில் தீப் பிடித்தால் வயலே போகும், ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் விட்டு விரட்டுவது பற்றிக் கேட்பார்கள். வாய்க்கால் ஒட்டிய வரப்பு என்றால் செய்யலாம். ஆனால் குடம் குடமாக ஊற்றினாலும் களிமண் வளை முழுக்க நிறையாது, வரப்புதான் கரையும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சட்டை உரி:
ஒன்று மட்டும். எலி வளையில் எலி மட்டும் இருக்காது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன் எல்லாம் எலியைத் தின்றுவிட்டு அதன் வீட்டிலேயே தங்கும். புதுமண் குவியல் இல்லாமல், வாய் வழவழவென்று தேய்ந்து, அடைக்காமல் திறந்தே கிடந்தால் கைவைக்க வேண்டாம். பக்கத்தில் உரிந்த சட்டை கிடந்தால் சந்தேகமே இல்லை. கடைசி ஒரு முழத்துக்கு வந்ததும் எல்லாரும் கையை விடுவார்கள், கடி விழுவது அங்கேதான். குச்சியை விட்டுக் கிளறுங்கள், இல்லை இன்னும் ஒரு வெட்டு வெட்டுங்கள்.

நெல்லுக்கடை:
மருந்து வைத்த வயலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் எல்லாரும் "வைக்கவில்லை" என்றுதான் சொல்கிறார்கள்.

வெண்ணாற்றுக்கரை:
தம்பி, கேட்பதோடு நிற்காமல் பார்க்கவும் வேண்டும். சிங்க் பாஸ்பைடு கறுப்புத் தூள், 49 பங்கு பொரி அரிசிக்கு 1 பங்கு கலந்து வைப்பார்கள். வளை வாயில் காகிதப் பொட்டலம், கறுப்பு ஒட்டிய அரிசி கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அதைத் தின்ற எலியின் வயிற்றைக் கீறினால் பூண்டு வாடை வரும்.

புரோமடியலோன் என்ற எலி மருந்து இன்னும் மோசம். எலி சாக நாலைந்து நாள் ஆகும், அதுவரை நடமாடும், பிடிபடும். மருந்து ஈரலில் தங்கும், சமைத்தாலும் போகாது. பகலில் தள்ளாடித் திரியும் எலி, மூக்கில் ரத்தம் வடியும் எலி, தோலுரிக்கும்போது சதைக்குள் ரத்தம் கட்டிய எலி மூன்றையும் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். நாய்க்கும் போடாதீர்கள். செத்துக் கிடந்த எலியைக் கையால் தொடவே வேண்டாம்.

மிளகுச்சட்டி:
சமையலுக்கு வருகிறேன். வரப்பெலி உயிரோடு 200 முதல் 300 கிராம் இருக்கும், சுத்தம் செய்தால் பாதிதான் தேறும். எட்டு எலிக்கு ஏறக்குறைய 1 கிலோ கறி.

வைக்கோல் தீயில் புரட்டி முடியைப் பொசுக்கிக் கத்தியால் சுரண்டுங்கள். விறகுத் தீ வேண்டாம், தோல் கருகிக் கசக்கும். தலை, வால், பாதம் நீக்கி வயிற்றை மேலோட்டமாகக் கீற வேண்டும். கத்தி ஆழமாகப் போய் குடலோ மூத்திரப்பையோ உடைந்தால் அந்த வாடை மசாலாவுக்கு அடங்காது. ஈரலைச் சிலர் விரும்புவார்கள். மேலே சொன்ன காரணத்துக்காக நான் எறிந்துவிடச் சொல்வேன். மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீர் கழுவி, ஒன்றை நாலாக வெட்டுங்கள். இந்த வேலை முழுக்கக் கையுறையோடு.

காய்ந்த மிளகாய் 8, மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி ஊற்றி, சின்ன வெங்காயம் 150 கிராம், தட்டிய பூண்டு 15 பல், கறிவேப்பிலை வதக்கி, கறியைப் போட்டு அதன் தண்ணீர் வற்றும்வரை கிளறுங்கள். பிறகு அரைத்த மசாலா, உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர். மூடி வைத்து மிதமான தீயில் 25 நிமிடம், கடைசியில் திறந்து சுருள வதக்க வேண்டும். எலும்பு ஓரம் சிவப்புத் தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். குக்கரில் வைத்தால் சின்ன எலும்பு உதிர்ந்து கறியோடு கலந்துவிடும், குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாது. கிழட்டு எலிக்கு மட்டும் இரண்டு விசில் விடலாம்.

சட்டை உரி:
கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் அன்றைக்கு இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த ஈரமண் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்துக்குள் தெரியும். காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு என்றால் ஆஸ்பத்திரியில் "எலி பிடித்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். எலி கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி.

மூங்கில்கிட்டி:
கிட்டியிலோ வலையிலோ முயல், கௌதாரி, உடும்பு, கீரி எது சிக்கினாலும் விட்டுவிட வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பது குற்றம். "தானாக மாட்டியது" என்பது செல்லாது.

திருக்கழுக்குன்றம் பக்கம்:
வளைக்குள் கிடைக்கும் நெல்லைப் பற்றி யாரும் எழுதவில்லையே. வரப்பெலி கதிரைக் கணுவோடு அறுத்து அறைக்குள் அடுக்கி வைத்திருக்கும். ஒரு வளையில் ஒரு கிலோவும் வரும், நாலைந்து கிலோவும் வரும். இருளர் குடும்பங்களுக்கு எலியைவிட இந்த நெல்தான் பெரிய வரவாக இருந்திருக்கிறது. கதிரோடு சாக்கில் அள்ளுங்கள், உதிர்த்து அள்ளினால் மண் கலந்துவிடும். மேலடுக்கு நெல் மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். அடியில் ஈரம் ஏறிக் கறுத்துப் பூசணம் பிடித்ததைத் தனியே ஒதுக்குங்கள், அது கோழிக்கும் ஆகாது. நல்லதைத் தண்ணீரில் போட்டு மிதக்கும் பதரை நீக்கி, இரண்டு முறை அலசி, அவித்துக் காயவைத்துக் குத்த வேண்டும். பச்சையாகக் குத்தினால் எலி வாடை அரிசியில் நிற்கும்.