பகுதிநேர ஊழியரின் லீவுக் கணக்கு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராமமூர்த்தி நகரிலிருந்து:

மான்யதா பக்கம் ஒரு கம்பெனியில் பேரோல் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருஷமாக இங்கிலாந்து கிளையன்ட்டுகளுக்குச் சம்பளக் கணக்கும் லீவுக் கணக்கும் போடுகிறோம். மதியம் ஒன்றரைக்கு ஷிப்ட், ராத்திரி பத்தரைக்கு கேப். இதே வேலையில் பெங்களூரில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் நடந்தது. வட இங்கிலாந்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் ஒரு கிளையன்ட். அவர்களுக்கு லீவு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. முழுநேர ஊழியருக்கு 20 நாள் லீவு, அதோடு அந்த நாட்டுப் பொது விடுமுறை 8 நாள். பகுதிநேரக்காரர்களுக்கு அந்த 20ஐ மட்டும் விகிதப்படி குறைப்பார்கள். பொது விடுமுறை, அவரவர் வேலை நாளில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. எங்கள் எக்செல் ஷீட்டிலும் அப்படித்தான் ஃபார்முலா இருந்தது. மூன்று வருஷமாக அந்த ஷீட்டை ஓட்டியது நான்தான். ஒருநாள்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்தக் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்யும் ஒரு அம்மா மெயில் அனுப்பினார். நாலே வரி. அவருக்குச் செவ்வாய், புதன், வியாழன் வேலை. கூட இருக்கும் பெண்ணுக்குத் திங்கள், செவ்வாய், வெள்ளி. இருவருக்கும் வாரத்துக்கு மூன்று நாள்தான், ஒரே சம்பளம்தான். அவளுக்கு 18 நாள் லீவு, எனக்கு 14 நாள், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டிருந்தார். அந்தக் கடைசிக் கேள்வி மனசைப் பிசைந்துவிட்டது. அன்றைக்கு டீ பிரேக்குக்குக்கூட எழுந்து போகவில்லை.

காலண்டரை எடுத்து வைத்து எண்ணினேன். அங்கே ஈஸ்டர் திங்கள், மே மாதத்தில் இரண்டு, ஆகஸ்டில் ஒன்று என நாலு விடுமுறை வழக்கமாகத் திங்கட்கிழமைதான். புனித வெள்ளி வெள்ளிக்கிழமை. 2024இல் புத்தாண்டும் திங்களில் விழுந்தது. கிறிஸ்துமஸ் புதன், அடுத்த நாள் வியாழன். ஆக, திங்கள், செவ்வாய், வெள்ளி வருகிறவருக்கு 12உடன் 6 சேர்ந்து 18. செவ்வாய், புதன், வியாழன் வருகிறவருக்கு 12உடன் 2 சேர்ந்து 14.

சட்டம் என்ன சொல்கிறது? 1998ஆம் ஆண்டின் வேலை நேர விதிமுறைகள்படி எல்லாருக்கும் வருஷத்துக்கு 5.6 வாரச் சம்பள லீவு. ஐந்து நாள் வேலைக்கு 28 நாள், அதுவே உச்சவரம்பு. மூன்று நாள் வேலைக்கு 5.6ஐ மூன்றால் பெருக்கினால் 16.8. பொது விடுமுறையை அதற்குள்ளேயே சேர்த்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் மொத்தம் 16.8க்குக் கீழே போகக் கூடாது. அந்த அம்மாவுக்கு 2.8 நாள் குறைந்திருந்தது. முதலில் 5.6ஐப் போட்டு மொத்தத்தை எடுத்துக்கொண்டு, பொது விடுமுறை யாருடைய வேலை நாளில் வருகிறதோ அவர் கணக்கிலிருந்து கழித்திருந்தால் இந்தக் குளறுபடியே வந்திருக்காது.

எங்கள் டீம் லீடர் வேலூர்க்காரர், நல்ல மனுஷர். "கிளையன்ட் பாலிசிம்மா, நாம ஏன் அதைத் தொடணும்?" என்றார். "சார், பாலிசி சட்டத்துக்குக் கீழ போகக் கூடாது சார். நம்ம ஷீட்லயும் தப்பு இருக்கு, நாமதான் சொல்லணும்" என்றேன். கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, மெயில் டிராஃப்ட் பண்ணு, நான் அனுப்பறேன்" என்றார்.

கிளையன்ட் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் 16.8ஐ 16 ஆக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது. மேலே 17 ஆக்கலாம், கீழே இறக்க முடியாது. நாங்கள் மணிக்கணக்குக்கே மாற்றிவிட்டோம். அந்த அம்மாவுக்கு வாரத்துக்கு 22.5 மணி வேலை, 5.6ஆல் பெருக்கினால் 126 மணி லீவு. ஒரே ஆளுக்கு ஒருநாள் பத்து மணி, இன்னொரு நாள் நாலு மணி என்று ஷிப்ட் இருந்தால் நாள் கணக்கு எப்படியும் இடிக்கும், அதற்கும் மணிதான் சரி. அந்த அம்மாவுக்கு விட்டுப்போனதை 3 நாளாகவே அடுத்த வருஷத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். அதே ஷீட்டில் இன்னும் நாலு பேருக்குக் குறைந்திருந்தது, அவர்களுக்கும் சரிசெய்தோம்.

மாரத்தஹள்ளியிலிருந்து:

அக்கா, எனக்கு அடி விழுந்தது 12.07 சதவீதத்தில். வருஷத்து 52 வாரத்தில் 5.6 லீவு போக மீதி 46.4, அதில் 5.6 எத்தனை சதவீதமோ அதுதான் இந்த எண். வேலை செய்த மணியில் 12.07 சதவீதம் லீவு என்ற இந்தக் கணக்கு, வாராவாரம் மணி மாறுகிறவர்களுக்கும், வருஷத்தில் சில மாதம் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கும் பொருந்தும். ஒரு மாதம் 100 மணி வேலை என்றால் 12 மணி லீவு.

2022 ஜூலையில் பிரேசல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது நினைவிருக்கும். பிரேசல் என்பவர் பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டும் இசை சொல்லிக்கொடுத்த ஆசிரியை. வேலை ஒப்பந்தம் வருஷம் முழுக்க இருப்பதால் அவருக்கும் முழு 5.6 வாரம் உண்டு, 12.07 போட்டுக் குறைக்க முடியாது என்றார்கள். பிறகு அரசு விதியை மாற்றி, 2024 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் லீவு ஆண்டிலிருந்து 12.07ஐ அனுமதித்தது.

இந்த "தொடங்கும்" என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. ஒரு கிளையன்ட்டின் லீவு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்துதான் மாற்றியிருக்க வேண்டும். நான் 2024 ஏப்ரலிலேயே மாற்றிவிட்டேன். பள்ளிகளில் துப்புரவு வேலை செய்பவர்கள் அவர்கள். ஒன்பது மாதக் கணக்கைத் திரும்பப் போட்டேன், இரண்டு சனிக்கிழமை போனது. போனது போகட்டும், அவர்கள் லீவு அவர்களுக்கு வந்துவிட்டது.

பீன்யாவிலிருந்து:

நான் ஆபீஸ் இல்லை அக்கா, கார்மெண்ட்ஸில் சாம்பிள் டெய்லர். குழந்தை பிறந்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள் போகிறேன். லீவு கேட்டால் எச்.ஆரில், "240 நாள் வரலையேம்மா" என்கிறார்கள். வருஷத்துக்கு எனக்கு 156 நாள்தானே வரும்? லீவே போடாமல் வந்தாலும் 240ஐ எப்படித் தொடுவேன்? 20 நாளுக்கு ஒரு நாள் என்று போட்டாலும் 7 நாளாவது வர வேண்டாமா? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் போகிறது.

ராமமூர்த்தி நகரிலிருந்து:

உன் கணக்கு சரிதான்மா. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 240 நாள் வேலை செய்தவருக்குத்தான் 20க்கு ஒன்று என்று இருந்தது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 ஆனது, அதையும் 156 தொடாது. இங்கிலாந்தில் இப்படி ஒரு வாசல்படியே கிடையாது, வாரத்துக்கு ஒருநாள் வேலை செய்பவருக்கும் 5.6 நாள் உண்டு. நம் ஊர்ச் சட்டம் வாரம் முழுக்க வேலை செய்பவரை மனதில் வைத்தே எழுதப்பட்டது, அதுதான் எனக்கு ஆற்றாமை. ஆனால் சட்டம் சொல்வதைவிட அதிகமாகக் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. கூட மூன்று நாள் வருகிற மற்ற டெய்லர்களையும் சேர்த்துக்கொண்டு, "20 நாள் வேலைக்கு ஒரு நாள், 240, 180 என்ற நிபந்தனை இல்லாமல்" என்று எழுதிக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் வாய்வார்த்தையாக விடாமல் லெட்டரில் வாங்கிக்கொள். உன் வருகைக் கார்டை போட்டோ எடுத்து அனுப்புமா, நாள் கணக்கைப் போட்டு லெட்டரை ஞாயிற்றுக்கிழமை எழுதித் தருகிறேன்.