ஜான் ஹட்சனைத் தேடிப் போனபோது

லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் பழைய விசாரணைக் குறிப்புகள், 1674 முதல் 1913 வரை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் அனுப்பப்பட்ட கைதிகளைப் பற்றித் தேடும்போது அதில் ஜான் ஹட்சன் அகப்பட்டான்.

1783 டிசம்பர் 10. நீதிபதி வயதைக் கேட்கிறார். ஒன்பது நடக்கிறதாம். தொழில்? ஒன்றுமில்லை, சில சமயம் புகைபோக்கி துடைக்கும் வேலை. அப்பா, அம்மா? இறந்துவிட்டார்கள். எப்போது? அது தெரியாது. அதற்குமேல் என்னால் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை.

ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன். திருடியதாகச் சொன்னது இவ்வளவுதான். வீட்டுக்குள் கரி படிந்த கால்விரல் தடம் இருந்ததாம். இப்படிப்பட்ட பையனை எப்படியாவது அழிவிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நீதிபதியே வருந்துகிறார். வருந்திவிட்டு, ஏழு ஆண்டு நாடு கடத்தல் என்கிறார்.

இதற்கு அப்புறம் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் குழம்பிப்போவோம். அதே பெயரில் பலர் வருவார்கள், எழுத்தும் மாறும். நீங்களும் தேடுவதாக இருந்தால் கப்பலைப் பிடித்துக்கொண்டு போங்கள். 1784இல் 'மெர்குரி' கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நடுவழியில் கைதிகள் கலகம் செய்ததால் பயணம் நின்றது. பிறகு பிளிமத்தில் 'டன்கர்க்' என்ற சிறைக்கப்பல். 1787 மே மாதம் 'ஃபிரெண்ட்ஷிப்' கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டான். 1790 மார்ச்சில் சிட்னியிலிருந்து பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவுக்கு.

அங்கே 1791இல் ஒரு பதிவு: இரவு ஒன்பது மணிக்குமேல் குடிசைக்கு வெளியே இருந்ததற்காக ஐம்பது கசையடி. அதற்குப் பிறகு அவன் பெயர் எனக்கு எங்குமே அகப்படவில்லை.

அவனைப் போலவே சிறு வயதில் தண்டனை பெற்ற மேரி வேடு கல்யாணம், பிள்ளைகள் என்று வாழ்ந்து 1859இல் இறந்தாள். அவள் வம்சாவளியைக் குடும்பத்தார் இன்றும் தேடி எழுதுகிறார்கள். ஹட்சனுக்கு அப்படி யாரும் இல்லை. மிஞ்சியவை தண்டனைப் பதிவுகள் மட்டும்தான்.

சரி, தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. 1783 டிசம்பரிலிருந்து ஏழு ஆண்டு என்றால் 1790 டிசம்பரோடு தண்டனை முடிந்துவிட்டது. முதல் கப்பல்களில் வந்தவர்களின் தண்டனைக்கால ஆவணங்கள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன. காலம் முடிந்தது என்று சொன்னவர்களாலும் அதை நிரூபிக்க முடியவில்லை. அந்த ஐம்பது அடியும் அவன் தண்டனைக்காலம் கடந்த பிறகு விழுந்தவை.