பெயர் கேட்காமல் விட்ட பாட்டு: யாரும் சொல்லாமல் நீங்கள் கண்டடைந்த இசை பற்றிய அனுபவப் பகிர்வு

பார்வதிபுரத்தான்:

2012-இல் நடந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் இரவுப் பேருந்து. பாறசாலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரி மாணவர். அவருடைய செல்பேசியையே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். காதிலிருந்த இயர்போன் ஒன்றைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார்.

உள்ளே ஒரு கிட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பதே அதற்குச் சரியான சொல். திரைப்பாட்டில் நாம் கேட்டுப் பழகிய, பல்லவி முடிந்ததும் ஒதுங்கி நிற்கும் கிட்டார் அல்ல அது. ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் விலகி, விலகிய இடத்திலிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்கியது. அதன்மேல் கணினியால் வளைக்கப்பட்ட ஓர் ஆண்குரல், எனக்குத் தெரியாத மொழியில். களியக்காவிளைச் சோதனைச் சாவடியின் விளக்கு கண்ணாடியில் மழைத்துளிகளோடு நழுவிப் போனது வரை எனக்கு நினைவிருக்கிறது. குழித்துறையில் அவர் எழுந்து, இயர்போனை வாங்கிக்கொண்டு, இறங்கிப் போய்விட்டார். யாருடைய பாட்டு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு செல்பேசிக் கடையில் வேலை பார்த்து வந்தேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. கடைக் கணினியில் பல்லாயிரம் பாட்டுகள் இருந்தும் அந்த ஒன்று இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்தே கண்டுபிடித்தேன். பாடியவர் நைஜர் நாட்டின் எம்டூ மொக்தார், சகாராப் பாலைவனத்துத் துவாரெக் இனத்தைச் சேர்ந்த கிட்டார் கலைஞர். சிறுவயதில் சைக்கிளின் பிரேக் கம்பியை நரம்பாகக் கட்டித் தன் முதல் கிட்டாரைத் தானே செய்துகொண்டவர். அந்தப் பாட்டு எந்தக் கடையிலும் விற்கப்பட்டுப் பரவவில்லை. சகாரா ஓரத்து ஊர்களில் மக்கள் மெமரி கார்டிலும் புளூடூத்திலும் ஒருவருக்கொருவர் ஏற்றிக்கொடுத்தே அதை நாடு நாடாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிறகுதான் அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து இயங்கும் சஹேல் சவுண்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம், இப்படிச் செல்பேசிகளில் கிடைத்த பாட்டுகளைப் பாடியவர்களைத் தேடிப் பிடித்து, 2011-இல் இசைத்தட்டாக வெளியிட்டது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மார்த்தாண்டத்துக் கடைப்பலகைக்குப் பின்னால் நான் செய்துகொண்டிருந்த அதே வேலையை, அதே நாள்களில், அங்கே வேறொரு பையன் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

அந்த மாணவர் இதைப் படிக்கக்கூடும் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

கடியபட்டணத்தாள்:

நான் வளைகுடா நாடொன்றில் செவிலியராக இருக்கிறேன். இரவுப்பணி முடிந்து உறக்கம் வராத ஒரு காலையில், ஊர் நினைவு தாங்காமல், யாரும் தம் ஒலிப்பதிவை ஏற்றக்கூடிய சவுண்ட்கிளவுட் தளத்தில் எங்கள் கடற்கரைப் பகுதியின் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதித் தேடிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழாப் பாடல்கள் கிடைக்கும் என்று எண்ணினேன். கிடைத்தது வேறு.

நான்கு நிமிடப் பதிவு. முதலில் அலை, பிறகு கரைக்கு வரும் வள்ளத்தின் இயந்திர ஒலி, அது அணையும் ஒலி, பிறகு மீன் ஏலம் விடும் ஒரு பெண்ணின் குரல். "எண்ணூறு, எண்ணூறு, எண்ணூத்தம்பது" என்று அந்தக் குரல் ஏறுகிறது. மூன்றாவது முறை "எண்ணூறு" வரும்போது அதன் அடியில் ஒரு மின்தாளம் சேர்கிறது. அதன்பின் அந்த எண்களே தாளமாகிவிடுகின்றன. அலை சுருதி பிடிக்கிறது. எலக்ட்ரானிக் இசை என்றால் நடன அரங்கில் காதைப் பிளப்பது என்று மட்டுமே நினைத்திருந்த நான், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் குரல் என் சித்தியுடையது.

செய்தவர் பக்கத்துத் தேவாலயப் பங்கில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கும் ஓர் இளைஞர். மாதாவின் பாடலுக்கு வாசிக்கும் அதே விரல்கள்தான் இதையும் செய்திருக்கின்றன. சித்தியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கச் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இது நான்தானே மக்ளே. என்னட்ட ஒரு வாக்கு கேக்காம எப்பிடி எடுத்தான்?" என்றார். குரலில் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. எனக்குள்ளும் இரண்டும் இருந்தன. அதனால்தான் இன்றுவரை அந்த இளைஞருக்கு நான் எழுதவில்லை. எழுதினால் பாராட்டுவதா, கண்டிப்பதா?

தக்கலை ஆசிரியர்:

என் அனுபவம் சிறியது. ஒரு நள்ளிரவில் யூடியூபில், நாதசுரமும் டிரம்ஸும் மட்டும் சேர்ந்த ஒரு பதிவு தானாக ஓடியது. கோயில் புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி போலத் தொடங்கி, பாதியில் ஜாஸ் இசைக்காரர்களைப் போல் இருவரும் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாக வாசித்தார்கள். அதுவரை 212 பேர் மட்டுமே அதைக் கேட்டிருந்தார்கள். மறுநாள் தேடியபோது பதிவு நீக்கப்பட்டிருந்தது. பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஆகவே அனைவருக்கும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, கேட்ட நொடியிலேயே பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒலியைக் கேட்டுப் பாட்டின் பெயரைச் சொல்லும் சசாம் போன்ற செயலிகள் தம்முடைய கிடங்கில் உள்ள பாட்டை மட்டுமே அடையாளம் காணும். வீட்டு அறையில் பதிவு செய்து நேற்று ஏற்றப்பட்ட பாட்டு அங்கே இருக்காது. மெட்டு மட்டும் நினைவில் நின்றால், முணுமுணுத்தே தேடும் வசதியை 2020 அக்டோபரில் கூகுள் கொண்டுவந்தது. அதுவும் ஓரளவு பரவிய பாட்டுக்கே பயன்படும். இரண்டாவது, பிடித்த பாட்டைப் பணம் கொடுத்து வாங்குங்கள். கலைஞர்கள் தம் இசையை நேரடியாக விற்க 2008-இல் தொடங்கப்பட்ட பேண்ட்கேம்ப் தளத்தில், தரவிறக்கிக்கொள்ளும் இசைத்தொகுப்புக்கு நீங்கள் கொடுக்கும் தொகையில் தளம் எடுப்பது 15 விழுக்காடு. பணம் செலுத்தும் வழிக்கான கட்டணம் போக மீதி கலைஞருக்குச் சேரும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, தன் பங்கையும் விட்டுக்கொடுத்து ஒரு வெள்ளிக்கிழமையை அந்தத் தளம் கலைஞர்களுக்கே ஒதுக்கியது. பின்னர் அத்தகைய வெள்ளிக்கிழமைகள் பல வந்தன. மாறாக, ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமத்தொகையே கணக்கிடப்படுவதில்லை. நான் கேட்ட நாதசுரக்காரரின் 212-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, இத்தகைய வெளிநாட்டுத் தளங்களில் வாங்கும்போது, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு இசைவு கொடுத்துவிட்டு, ஒரு சிறு வரம்பை வைத்துக்கொண்டால் அட்டையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

பார்வதிபுரத்து நண்பரிடம் ஒன்று சொல்ல வேண்டும். மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்ததை நீங்கள் பாசத்தோடு நினைவுகூர்கிறீர்கள். ஆனால் நீங்கள் ஏற்றிய எந்தப் பாட்டுக்கும், பாடியவருக்கு ஒரு பைசாவும் போகவில்லை. கடைக்காரருக்குத்தான் போயிற்று.

இடம்பாடியின் மகன்:

ஆசிரியர் ஐயா சொன்னதில் கணக்குச் சரி, முடிவு சரியில்லை. என் தகப்பனார் வில்லுப்பாட்டுக் குழுவில், தலைமைப் பாடகரான புலவரின் அடியைத் திருப்பிப் பாடும் இடம்பாடியாக இருந்தவர். அவர்கள் குழு பாடியதை ஒரு கொடை விழாவில் மைக் செட்காரர் கேசட்டில் பிடித்தார். அது படியெடுக்கப்பட்டு, அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை கைமாறிப் போயிற்று. அந்தக் கேசட்டுக்கு அப்பாவுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. ஆனால் அதைக் கேட்ட ஊர்களிலிருந்து அடுத்த ஆண்டு கொடைக்கு அழைப்பு வந்தது. எங்கள் வீட்டுக் கூரை ஓடாக மாறியது அந்த ஆண்டில்தான். படியெடுத்தவன் எல்லாம் திருடன் என்று என்னால் சொல்ல முடியாது.

நான் சொல்ல வந்தது வேறு. தோவாளைக்கு அப்பால் ஓர் இசக்கியம்மன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். 2018 என்று நினைவு. புலவராக அமர்ந்திருந்தவர் ஓர் இளம்பெண். எனக்குப் பழக்கமில்லாத குழு. அம்மன் கதையைத் தொடங்குமுன், தானே கட்டிய பாட்டு என்று சொல்லி, ஒக்கிப் புயலைப் பாடினார். 2017 நவம்பர் 30-ஆம் தேதியை இந்தக் குமரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கரையில் நின்று கடலைப் பார்க்கும் பெண்ணை அவர் பாட, இடம்பாடுவோர் அடியை வாங்கித் திருப்பிப் பாட, உடுக்கும் குடமும் கட்டையும் தாளமும் சேர்ந்து ஏறிக்கொண்டே வந்தன. திரும்பாத வள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணும் இடம் வந்தது. குடம் அடிப்பவர் மட்டையைக் குடத்தின் வாயிலேயே வைத்து அழுத்தி நிறுத்திவிட்டார். வீசுகோல் மட்டும் வில்லின் நாணில் மெதுவாகப் பட்டது. மணிகள் மட்டும் ஒலித்தன. பூ வியாபாரிகளும் வயற்காட்டுக்காரர்களுமாக இருந்த கூட்டம், கடலில் கால் வைக்காத கூட்டம், அசையாமல் இருந்தது.

பிறகு குடம் மறுபடி விழுந்தது, சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு வந்தது, சாமி வந்து ஆடியது. விடிந்ததும் குழுவினர் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். நான் பதிவு செய்யவில்லை. கையில் செல்பேசி இருந்தும் எடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பாட்டு எந்தத் தளத்திலும் இல்லை. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லைக் கையிலெடுத்துக் காந்தியின் கதையைப் பாடிய மண் இது. நம் காலத்துக் கதையை வில்லில் பாடுவது இங்கே புதிதல்ல. ஆனால் புதிய இசையைத் தேடுகிறோம் என்று சொல்பவர்கள் கொடைக் காலத்தில் ஓர் இரவு கண்விழிக்க முன்வருவதில்லை. ஐயா அவர்களின் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

விளவங்கோட்டுப் பெண்:

சுருக்கமாக எழுதுகிறேன். சென்னையில் விடுதியில் தங்கிப் படித்த முதல் வாரத்தில், குடிக்க வெள்ளம் வேண்டும் என்று கேட்டேன். அறையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில், அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் நான் "தண்ணீர்" என்றே சொன்னேன். சொன்னான் என்பதற்கு எங்கள் ஊரில் வழங்கும் "பறைஞ்சான்" என்ற சொல்லை வாயில் வரவிடவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சிக்குத் தோழிகளோடு போனேன். கானாவையும் ராப்பையும் ராக்கையும் அவர்கள் ஒரே மேடையில் கொண்டுவந்தபோது, வடசென்னைப் பேச்சைக் கூட்டம் முழுவதும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னது. அப்படியானால் எங்கள் பேச்சில் யாரேனும் பாடியிருக்கிறார்களா என்று அன்றிரவே தேடத் தொடங்கினேன். மலையாளத்தில் ராக் பாடிய அவியல் குழுவின் 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பை என் அண்ணன் தேயத் தேயக் கேட்டவர். எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கம் ஏன் நடக்கக்கூடாது என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

கிடைக்க ஓராண்டு ஆயிற்று. மார்த்தாண்டம் பக்கத்து இளைஞர்கள் இருவர், ரப்பர் தோட்டத்தில் நின்று, செல்பேசியில் எடுத்த ராப். பால்வெட்டும் கூலியைப் பற்றிய வரிகள். மூன்றாவது வரியில் ஒருவர், "ஒரு கிளாஸ் வெள்ளம் தந்தாரு, அதுக்கும் கணக்கு பறைஞ்சாரு" என்கிறார். வடசேரிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பின்னோக்கி நகர்த்தி ஏழெட்டு முறை கேட்டேன். ஏற வேண்டிய பேருந்து போய்விட்டது.

தக்கலை ஐயா, அவர்கள் எந்தத் தளத்திலும் எதையும் விற்கவில்லை. பணம் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. கீழே ஒரு கருத்து எழுதினேன்: "இது எங்கள் வீட்டுப் பேச்சு." அதற்கு அவர்கள் ஒரு இதயக் குறி மட்டும் இட்டார்கள்.

தக்கலை ஆசிரியர்:

இடம்பாடியின் மகன் சொன்னதை இருமுறை படித்தேன். படியெடுத்தவர்களைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. பெயர் இல்லாமல் பரவுவதைத்தான் குறை சொல்கிறேன். உங்கள் தகப்பனாரின் கேசட்டில் குழுவின் பெயர் எழுதப்பட்டிருந்ததால்தான் அழைப்பு வீடு தேடி வந்தது. ஒக்கிப் பாட்டைப் பாடிய புலவரின் பெயரை அந்தக் கோயில் நிர்வாகத்தினர் கணக்கு நோட்டில் எழுதியிருப்பார்கள். சம்பளம் கொடுத்த ரசீது இருக்கும். போய்க் கேளுங்கள். நானும் உடன் வருகிறேன்.

கடியபட்டணத்தாள்:

அந்த இளைஞருக்கு எழுதிவிட்டேன். பாராட்டையும் கண்டிப்பையும் ஒரே கடிதத்தில் எழுதினேன். மறுநாள் மாலையே அவர் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். கேட்காமல் எடுத்தது பிழை என்று வாசலில் நின்றே சொன்னாராம். இப்போது அந்தப் பதிவின் கீழே, குரல் என்று குறித்துச் சித்தியின் பெயர் இருக்கிறது. பாட்டில் என்ன கிடைத்தாலும் பாதி என்று பேசியிருக்கிறார்கள். இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

சித்தி அவரை உட்காரவைத்து, பதிவை இன்னொரு முறை போடச் சொல்லியிருக்கிறார். கேட்டு முடித்ததும், "இது சாளை ஏலம் இல்ல, நெத்திலி. அண்ணைக்கி எண்ணூத்தம்பதுல நிக்கல்ல, ஆயிரத்துக்குப் போச்சு. மிச்சத்த எங்க வெட்டுன?" என்று கேட்டாராம். வெட்டிய பகுதி அவருடைய கணினியில் இருக்கிறதாம். அதையும் சேர்த்து மறுபடி செய்கிறார். இந்த முறை ஏலம் முடியும் வரை.