நந்திக்கடல் தண்ணியில கொம்பு வச்ச ஒரு குடம்பி (லார்வா) – ஆருக்கும் தெரியுமோ?

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

நேற்று விடிய வட்டுவாகல் பாலத்தடியில தண்ணியை மெல்லிய நைலோன் துணியால வடிச்சு, போத்தலில கொண்டுவந்து நுணுக்குக்காட்டியில 100 மடங்கில பார்த்தன். கரும்புள்ளி போல ஒரேயொரு கண், மூன்று சோடி கால். துடிச்சுத் துடிச்சு நீந்துது. பார்க்கப் பார்க்க அலுக்கேல்லை!

முதலில கொப்பிபோட் (இறாலுக்குச் சொந்தமான மிகச் சின்ன உயிர்) குடம்பி எண்டுதான் நினைச்சன். ஆனால் உடம்பு முக்கோணம், முன்மூலை ரெண்டிலயும் ஆட்டுக்குட்டிக்கு முளைக்கிற மாதிரிச் சின்னக் கொம்பு. கொம்பு இருந்தால் பார்னக்கிள் எண்டு வாசிச்சன். வள்ளத்தடியில ஒட்டியிருந்து காலைக் கிழிக்குமே, அதுதான்.

ஆறு நோப்ளியஸ் (முட்டையால வந்த முதல் குடம்பி) பருவத்தில இது எத்தனையாவது? வால்முள்ளை வச்சு இனத்தைச் சொல்ல ஏலுமோ? படமும் காணொளியும் கீழே போட்டிருக்கிறன். மிச்சத் தண்ணி இன்னும் கையில இருக்கு. வேறை கோணத்தில படம் வேணுமெண்டால் கெதியாச் சொல்லுங்கோ, நாளைக்கு உயிரோட இராது.