மறுமொழி: மக்காச்சோளத்தில் 'கேனோபி குளோஷர்' – தமிழ்ச் சொல்

> பயிர் வரிசைகளின் இலைகள் கூடி இடைநிலத்தை மறைக்கும் 'கேனோபி குளோஷர்' நிலையை 'விதான மூடல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

'விதானம்' காட்டியலில் நிலைத்துவிட்ட சொல். எனக்கு உறுத்துவது 'மூடல்'தான். வைக்கோலோ சருகோ பரப்புவதை 'மூடாக்கு' என்கிறோம். இரண்டும் களையை அடக்கும் வழிகள், ஒரே பத்தியில் அடுத்தடுத்து வரும். படிக்கும் மாணவர் நிச்சயம் குழம்புவார்.

'இலைக்கவிவு' எனலாம். பக்கத்து வரிசைகளின் இலைகள் கலந்து இடைவெளியின்மேல் கவிகின்றன, கீழே நிழல் விழுகிறது. வயலில் நடப்பதும் இதுதான்.

மக்காச்சோளம் முதல் சில வாரம் மெதுவாகத்தான் எழும்பும். அதற்குள் சாரணை, கோரை போன்ற களைகள் முந்திக்கொள்ளும். வீரிய ஒட்டு ரகங்களுக்குத் தமிழ்நாட்டுப் பரிந்துரை வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 25 செ.மீ., அதாவது எக்டேருக்கு ஏறத்தாழ 66,600 செடிகள். அதே எண்ணிக்கையை 45 செ.மீ. வரிசையில், செடிக்குச் செடி சற்றுத் தள்ளி நட்டால் இலைக்கவிவு முந்தும். களைக்கு வெளிச்சம் குறையும்.

உரத்தையும் இதே சொல்லால் விளக்கலாம். தழைச்சத்து குறைந்தால் இலை சிறுக்கும், கவிவு பிந்தும். ஆனால் தழைச்சத்தில் பாதியை 25ஆம் நாள் மேலுரமாகத்தான் இடுகிறோம். களையெடுக்காமல் யூரியாவை வயல் முழுக்க வீசினால் பயிருக்கு முன்னால் களை கொழுக்கும். களையை எடுத்துவிட்டு, செடியோரம் இட்டு மண் அணைத்தால் அந்தச் சத்து கவிவை விரைவாக்கும். 'இலைக்கவிவு நாள்', 'அரைக்கவிவு', 'முழுக்கவிவு' என்று அளவுகளுக்கும் சொல் வளைந்து கொடுக்கிறது. 'விதான மூடல்' இப்படி வளையாது.

---

> 'இலைக்கவிவு' எனலாம்.

அம்மா, மூடாக்கு பற்றிய தடை நியாயமானது, ஏற்கிறேன். ஓர் ஐயம்: 'கவிவு' என்பதைக் 'கவிழ்வு' என்று படித்துவிட மாட்டார்களா? காற்றில் பயிர் விழுவதும் மக்காச்சோளத்தில் பெரிய சிக்கலாயிற்றே.

---

ஐயா, விழுவதைச் 'சாய்தல்' என்றே உழவரும் பாடநூலும் சொல்வதால் மோதாது. முன்னால் 'இலை' நிற்பதும் காக்கும்.

கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி எழுதலாம்: "இலைக்கவிவு – அடுத்தடுத்த பயிர் வரிசைகளின் இலைகள் கூடி, இடைநிலத்தை நிழலால் மறைக்கும் நிலை. இதன்பின் களை முளைப்பும் வளர்ச்சியும் குறையும்." 'களை ஒழியும்' என்று மட்டும் போட வேண்டாம். நிழலில் கோரை தளரும், மண்ணுக்குள் அதன் கிழங்கு உயிரோடுதான் இருக்கும்.