புதுப்பிப்பு: மெயில் குப்பை, ஒரு மாதம் கழித்து

காலையில் மெயிலும் செய்தித் தளங்களும் பார்த்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. 'அன்சப்ஸ்கிரைப்' (இனி அனுப்ப வேண்டாம் என்று விலகிக்கொள்ள மொத்தமாக அனுப்பும் மெயில்களின் அடியில் இருப்பது) என்ற சொல் இருக்கிற மெயிலெல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல் நேராகத் தனி லேபிளுக்குப் போகும்படி ஜிமெயிலில் ஃபில்டர் போடச் சொன்னீர்கள், போட்டேன். மறுநாள் இன்பாக்ஸில் நாலே நாலு மெயில். ஆனால் மூன்றாம் நாள், வர வேண்டிய விமான டிக்கெட்டைக் காணோமே என்று தேடினால், அதுவும் அந்த லேபிளுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அடியில் பொடி எழுத்தில் அதே சொல்! அனுப்பிய முகவரியைக் கழித்தல் குறி போட்டு ஃபில்டரிலிருந்து விலக்கினேன், சரியாயிற்று.

அப்புறம் செய்திகள். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடரை 2013-இல் மூடியதோடு, அப்படிப் பதிவுகளைத் திரட்ட உதவும் ஆர்எஸ்எஸ் என்ற வசதியையே மறந்திருந்தேன். அப்போது படித்த தளங்களின் பட்டியல் அடங்கிய பழைய ஓபிஎம்எல் கோப்பு கையில் இருந்ததால் புது ரீடரில் ஏற்றுவது சுலபமாக முடிந்தது, என்ன, பாதித் தளங்கள் இப்போது உயிரோடு இல்லை. நாளுக்கு ஐம்பது பதிவு கொட்டுகிற தளங்களைத் தூக்கிவிட்டேன். என்னைக் கேட்டால், மாதத்துக்கு ஒன்று எழுதுகிறவர்களைத் தவறவிடாமல் இருக்கத்தான் ரீடர்.

போன் அறிவிப்புகளை மட்டும் இன்னும் அணைக்கவில்லை, திட்டாதீர்கள்.